ஹுண்டரின் இரட்டைத் திமில் ஒட்டகங்கள்

லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில், திஸ்கித், ஹுண்டர் என்ற இரு ஊர்களுக்கு நடுவே மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. லே நகரத்திலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே. சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள் நிற்க, இந்த மணலில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் பயணிகளைச் சுமந்து செல்கின்றன.

இவ்வளவு உயரத்தில் பாலைவனம் உண்டானதற்கு இமயமலையே காரணம். பருவக்காற்றின் ஈரத்தை அது தெற்கிலேயே மறித்துவிடுகிறது. லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். அம்பத்தூர், ஆவடி பக்கம் ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடுவதுண்டு. பனிப்பாறைகள் அரைத்த பாறைத்தூளை ஷியோக் ஆறு அடித்துக்கொண்டு வருகிறது. நீர் வற்றும் மாதங்களில் காற்று அதை வாரிக் குன்றுகளாகக் குவிக்கிறது.

ஒட்டகங்கள் இந்த மண்ணுக்கு வணிகத்தோடு வந்தவை. லேயிலிருந்து நுப்ரா வழியாக சாசேர் கணவாயையும், 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயையும் கடந்து, இன்றைய சீனாவின் யார்க்கண்ட் வரை ஒரு பெருவழி இருந்தது. பட்டும் கம்பளமும் தெற்கே வந்தன. துணி, அவுரி, நறுமணப் பொருள்கள் வடக்கே போயின. குதிரைகளும் ஒட்டகங்களும் சுமந்த அந்த வணிகம் 1950 வாக்கில் சீன எல்லை மூடப்பட்டதும் அற்றுப்போனது. நுப்ராவில் தங்கிவிட்ட ஒட்டகங்கள் கேட்பாரின்றி முட்புதர்களில் மேய்ந்து திரிந்தன. 1994இல் பள்ளத்தாக்கு சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகே மக்கள் அவற்றை மீண்டும் பழக்கி வளர்க்கத் தொடங்கினர். சவாரி வருமானம் இல்லாவிட்டால் இந்த இனம் இங்கே நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ராஜஸ்தானின் ஒற்றைத் திமில் ஒட்டகம் லடாக்கின் குளிரைத் தாங்காது. இரட்டைத் திமில் ஒட்டகத்துக்கோ குளிர்காலத்தில் அடர்ந்த ரோமம் வளர்கிறது. கோடை வந்ததும் அது கொத்துக்கொத்தாக உதிர்கிறது. அப்போது ஒட்டகம் நோயுற்றதுபோலத் தெரிவது இயல்புதான். திமில்களில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. தீனி குறைந்தால் அவை தளர்ந்து ஒருபக்கம் சாய்ந்துவிடும். மூடித் திறக்கும் நாசித்துளைகளும் அடர்ந்த இமைமயிரும் மணற்காற்றைத் தடுக்கின்றன. சீபக்தார்ன் முட்புதர் இவற்றின் விருப்ப உணவு. லேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் இவற்றை எல்லைக் காவலுக்கும் சோதித்துப் பார்த்தது. ஓர் ஒட்டகம் 170 கிலோ சுமையோடு மலையேறும் என்று அங்கே கண்டறிந்தனர்.

சவாரி பெரும்பாலும் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான். இரு திமில்களுக்கு நடுவே கம்பளம் விரித்த சேணத்தில் உட்கார வேண்டும். முதுகுக்கும் ஒரு திமில் துணை இருப்பதால் முதல்முறை ஏறுபவருக்கும் பயம் குறைவு. படுத்திருக்கும் ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். அந்த நொடியில் உடல் முன்னே சரியும் என்பதால் பிடியை இறுக்கிக்கொள்வது அவசியம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டிய வரிசையை ஒட்டகக்காரர் நடந்தபடியே இழுத்துச் செல்கிறார். வெயில் தணிந்த மாலைதான் ஏற்ற வேளை, ஒட்டகத்துக்கும் அதுவே நல்லது. மே முதல் செப்டம்பர் வரை பயணிகள் அதிகம் வருகிறார்கள்.

சமவெளியிலிருந்து போகிறவர் கவனிக்க வேண்டியது உயரத்தைத்தான். காலையில் ஆவடியில் கிளம்பியவர் டெல்லி வழியாக விமானத்தில் மறுநாளே 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் இறங்கிவிடலாம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஹுண்டர் லேயைவிடத் தாழ்வானது. ஆனால் அங்கே போகும் வழக்கமான சாலை 5,300 மீட்டருக்கும் மேலான கார்துங் கணவாயைத் தாண்டுகிறது. லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்து, பிறகு புறப்படுவதே முறை. கணவாயில் படம் எடுத்தபடி நெடுநேரம் நிற்கக் கூடாது. இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் தாமதிக்காமல் கீழே இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும்.