உணவறைச் சுவரிலே ஓர் ஓவியம்

வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கிறோம். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு மேலே, கண்ணாடிச் சட்டமிட்ட காகிதப் படமொன்று தொங்கும். மழைக்காலத்து ஈரத்தில் அதன் ஓரங்கள் பழுப்பேறும்; பூச்சி அரிக்கும். இன்று அந்த இடத்தைப் பளபளக்கும் அலுமினியத் தகட்டுப் படம் பிடித்துக்கொண்டது. ஆயினும் சித்திரம் மாறவில்லை. ஆண்டவர் பன்னிரு சீடரோடு பந்தியமர்ந்த இறுதி இராவுணவே அது.

உலோகத்தில் ஓவியம் என்பது திருச்சபைக்குப் புதிதன்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஓவியர் செப்புத் தகட்டில் பக்திச் சித்திரங்கள் தீட்டினர். 19-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ நாட்டு எளிய மக்கள், தகரத் தகட்டில் வரைந்த புனிதர் படங்களைத் தம் வீட்டுப் பீடங்களில் வைத்துச் செபித்தனர். இன்றைய முறை வேறு. தனித் தாளில் அச்சிட்ட சாயத்தை, மேற்பூச்சிட்ட தகட்டின்மீது வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் அழுத்துகின்றனர். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்து நிலைத்துவிடுகிறது. ஈரத்துணியால் துடைக்கலாம், நேர்வெயில் படாமல் காத்தால் நெடுநாள் நிற்கும்.

நகலுக்கு வாய்த்த இந்த உறுதி மூல ஓவியத்துக்கு வாய்க்கவில்லை என்பது வியப்பே. இத்தாலியில் மிலான் நகரில், தோமினிக்கன் துறவியரின் மடத்து உணவறைச் சுவரில், 1495 முதல் 1498 வரை லெயோனார்தோ தா வின்சி அதைத் தீட்டினார். ஈரச் சாந்தில் விரைந்து வரையும் வழக்கமான முறையை அவர் விரும்பவில்லை. நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைவதற்காக உலர்ந்த சுவரையே தேர்ந்தார். அதனால் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652-ல் அச்சுவரிலேயே ஒரு வாசலை வெட்டினார்கள். ஆண்டவரின் பாதங்கள் அதோடு மறைந்தன. 1943 ஆகஸ்டில் விழுந்த குண்டினால் உணவறையின் கூரை இடிந்தது. மணல் மூட்டைகளால் காக்கப்பட்ட அந்தச் சுவரோ நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999-ல் நிறைவுற்றது.

அது எந்த இடத்துக்காக வரையப்பட்டது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். அது கோயில் பீடத்துக்காக வரைந்ததன்று; அரண்மனை அலங்காரத்துக்காகவும் அன்று. உண்ணும் அறைக்காக வரைந்தது. நாள்தோறும் தம் மேசையில் அப்பம் உண்ட துறவியர், தலை நிமிர்ந்தால் ஆண்டவரின் மேசையைக் கண்டனர். இரண்டும் ஒரே பந்தி போலத் தோன்றின.

சீடருள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் மொழிந்த நொடியையே ஓவியர் காட்டுகிறார். ஒவ்வொருவரும் திடுக்கிட்டு, அது தானாக இருக்குமோ என்று கலங்குகின்றனர். அவருக்கு முந்திய ஓவியர் பலர் யூதாசை மட்டும் பிரித்து, மேசையின் எதிர்ப்பக்கத்தில் தனியே இருத்தினர். லெயோனார்தோ அப்படிச் செய்யவில்லை. பணப்பையை இறுகப் பற்றியவனாய், இராயப்பருக்கும் அருளப்பருக்கும் அருகிலேயே யூதாஸ் அமர்ந்திருக்கிறான். அவனுக்கும் அங்கே இடமுண்டு.

ஒருமுறை ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மூதாதையர் வீடு அது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுந்தது. அண்ணன் வீட்டுச் சுவரில் புதிய தகட்டுப் படம் மின்னியது. “அழகான படம்” என்றோம். மூத்தவர் சற்றே தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், “சுவாமி, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் இதே படத்தைத்தான் மாட்டியிருக்கிறானாம். நான் பார்த்ததில்லை” என்றார். தீர்த்தம் தெளிக்க உயர்த்திய நம் கை அப்படியே நின்றது. என்ன சொல்வதென்று நமக்கு அன்று தெரியவில்லை. செபத்தை முடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கும் சென்றோம். அங்கும் அதே பந்தி, அதே பன்னிருவர்.

படத்துக்குச் செய்யும் வணக்கம் படம் சுட்டுகின்றவரையே சென்று சேர்கிறது என்று 787-ஆம் ஆண்டில் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் கற்பித்தது. அப்படியாயின், அவரோடு பந்தியமர்ந்தவர்களை விலக்கிவிட்டு அவரை மட்டும் வணங்குதல் எங்ஙனம்? காட்டிக்கொடுக்க இருந்தவனுக்கும் அவர் அப்பத்தைப் பகிர்ந்தார். நாமோ ஒரு முழம் நிலத்துக்காக உடன்பிறந்தவனுக்கு ஒரு வாய்ச் சோறு இட மறுக்கிறோம்.

அன்புக் குடும்பத்தாரே, தகட்டுப் படம் வாங்குங்கள், குறையொன்றுமில்லை. வரவேற்பறை அலங்காரமாக அன்று, நீங்கள் உண்ணும் இடத்திலே மாட்டுங்கள். வாரத்தில் ஒருநாளேனும் வீட்டார் அனைவரும் அதன்கீழ் ஒன்றாய் அமருங்கள். பேச்சு முறிந்த உறவினர் ஒருவருக்கு அன்று ஓர் இலை போடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் வீட்டுப் படத்தில் மேசைக்குக் கீழே ஆண்டவரின் பாதங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், அது பழைய நகல்களைப் பார்த்து நிறைவு செய்த படம். தெரியாவிட்டால், அது இன்றைய சுவரின் படம். அந்த இரவில் மேசையை விட்டெழுந்து பிறர் பாதங்களைக் கழுவியவரின் பாதங்கள் அங்கே இல்லை. அந்தப் பணிக்கு அவர் நம்மையே தேடுகிறார் போலும்! முதலில் எழுந்து சுவரின் மறுபக்கம் செல்ல வேண்டியவர் யார்? அண்ணனா, தம்பியா? சீடர் கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்வோம்: அது நானோ?