கண்ணாடி வைத்த இரும்புக் கூண்டு
காலி, 1864–65

வியன்னா ஓவியர் ஓய்கன் வான் ரான்சொனே (1838–1926) காலிக் கடலின் பவளப் பாறைகளை நீருக்குள் இருந்தபடியே வரைந்தார். அந்தப் படங்கள் 1867இல் நூலாகின. அதற்கு அவர் பயன்படுத்திய கூண்டு அவரே வடிவமைத்தது: தகட்டு இரும்பு, முன்னே தடித்த கண்ணாடி. தலையும் மார்பும் உள்ளே, கால்கள் தண்ணீரில். காற்று, மேலிருந்து குழாய் வழியே வந்தது. தகடு வளைத்து ஒட்டத் தெரிந்த எந்தப் பட்டறைக்காரரும் செய்யக்கூடிய வேலைதான்.

அடி திறந்திருப்பதே இதன் சூட்சுமம். உள்ளே காற்றும் வெளியே நீரும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்பதால் கண்ணாடிக்குச் சுமை குறைவு. மூடிய நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. 10 மீற்றர் ஆழத்தில், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள யன்னலொன்றை நீர் சுமார் 700 கிலோ பாரத்துடன் அழுத்தும்.

ழூல் வேர்ணின் நீர்மூழ்கி நாட்டிலஸ் மன்னார் முத்துக்குளிப்புக் கரைக்கு வந்தது ரான்சொனேக்குப் பிறகு, 1869–70இல் வெளிவந்த நாவலில். அங்கே அது வெறும் சுருட்டு வடிவம், நீளம் 70 மீற்றர். முள்ளும் ஆணித்தலைகளும் 1954இல் டிஸ்னி படத்துக்காக ஹார்ப்பர் கொஃப் கொடுத்த தோற்றம். பழைய பாணி நீர்மூழ்கி என்றதும் பலருக்கு நினைவில் வருவது அதுதான். அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அலங்கார ஆணிக்காக அழுத்தம் தாங்கும் உடலில் துளை போடுவது மடத்தனம். வெளியே ஒட்டினால் போதும்.

நீங்களும் கூண்டோ நீர்மூழ்கியோ ஒன்று செய்ய நினைத்தால், முதலில் ஆளில்லாமல் இறக்கிப் பாருங்கள்.