உப்பும் இலத்திரனும்

பௌதிகவியலைப் பற்றி நம் மாணவரிடையே இருவகைப் பேச்சு வழங்குகிறது. அணுவின் விதி தெரிந்தால் உலகனைத்தும் தெரிந்ததாகும் என்பது ஒன்று. அது வாழ்க்கைக்கு உதவாத வெறுங்கணக்கு என்பது மற்றொன்று. உயர்தர வகுப்பில் எப்பாடத்தைக் கற்பதென்று கேட்டு வருவோரின் வாயில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். கனமூலையில் வாழும் எனக்கு இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. புத்தளத்து உப்பளங்கள் அருகிலேயே உள்ளன.

ஒரு லீற்றர் கடல்நீரிற் கரைந்துள்ள உப்புக்கள் ஏறத்தாழ 35 கிராம். வெயிலும் காற்றும் நீரை வற்றச் செய்ய, முதலிற் சுண்ணச் சேர்வைகள் படிகின்றன. நீர் ஏறத்தாழப் பத்திலொன்றாகச் சுருங்கிய பின்னரே கறியுப்புப் பளிங்காகத் திரள்கிறது. மேலும் வற்றவிட்டால் மகனீசிய உப்புக்கள் சேர்ந்து கசக்கும். ஆதலால் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். உப்பளத்தார் இதனைப் பழக்கத்தால் அறிவர். ஆனால் அந்த உப்புக்கல் ஏன் சதுரமுகங்களோடு விளைகிறது? சோடியமும் குளோரீனும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கே அவ்வடிவுக்குக் காரணம் என்பதை 1913 ஆம் ஆண்டிற் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்சுக்கதிர் கொண்டு புலப்படுத்தினர். இதனை வெறுங்கணக்கு என்போர் ஓர் உப்புக்கல்லையேனும் உற்று நோக்கியவரல்லர்.

இரசாயனம் முழுமைக்கும் வேண்டிய அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதே அரிது என 1929 இல் டிராக் எழுதினார். அந்த அருமை சிறிதன்று. பாத்தியில் உப்பு விளைந்திருக்கும்போது மழை பெய்தால் உழைப்பெல்லாம் கரைந்துபோம். காற்றையும் நீராவியையும் ஆளும் விதிகளை நாம் அறிவோம். எனினும் தொடக்க அளவீட்டின் மிகச்சிறு வேறுபாடும் நாட்செல்லப் பெருகி முன்கணிப்பைக் குலைக்கும் என்று 1963 இல் லோரன்சு காட்டினார். இரண்டு வாரங்களுக்கு அப்பால் எந்நாளில் மழை என்று உறுதிகூற இயலாது. கரைந்த உப்பின் நட்டம் முதலாளிக்கா, கூலிக்காரருக்கா? அந்த வினாவைப் பௌதிகவியல் தொடவே தொடாது.

இவை வெளியிலிருந்து காணும் எல்லைகள். என்னை அதிகம் வியப்பில் ஆழ்த்துவது, பௌதிகவியல் தன்னுள்ளிருந்தே தன் எல்லையைக் காட்டுவது. டிராக்கின் மாணவரும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கியவருமான ஈழத்துத் தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், இதனை 1943 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் 1938 இல் ஒரு சமன்பாடு தந்திருந்தார். பழைய பௌதிகவியலின் வழியமைந்த அச்சமன்பாட்டை எலியேசர் ஐதரசன் அணுவிற் பொருத்தினார். புரோத்தனை நோக்கி நேரே செல்லும் இலத்திரன் அதனை அடையவே மாட்டாது! கவர்ச்சி விசை இழுத்துக்கொண்டிருக்கவும், அது இடையில் நின்று, திரும்பி, மேன்மேலும் விரைந்து ஓடிவிடும் என்றது கணிதம். மெய்யான ஐதரசனோ அவ்வாறு சிதறுவதில்லை. கணிப்பிற் பிழையில்லை, சமன்பாடு தனக்குரிய நிலத்தைக் கடந்துவிட்டது. குருவின் சமன்பாட்டை அதன் விளிம்புவரை கொண்டுசென்று பார்த்த துணிவை நம் பாடநூல்கள் ஏனோ பேசுவதில்லை.

வகுப்பில் ஓமின் விதியை எழுதுகையில், ‘வெப்பநிலை மாறாதிருப்பின்’ என்பதையும் சேர்த்தெழுதச் சொல்கிறோம். அந்த இரண்டு சொற்களை விட்டதற்காகப் புள்ளி குறைப்பது கொடுமை என்று ஒரு மாணவன் என்னோடு வாதாடினான். அவனுக்கு எலியேசரின் இலத்திரனைப் பற்றிச் சொன்னேன்.