கடல் அரிக்கும் மோட்டாரும் காவல் காக்கும் துத்தநாகமும்

போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில், ஏலக்காயின் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. கலவை பக்குவமாக உள்ளதா என்று அறியப் பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் தோய்த்து எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

இதன் காரணம் என்ன? செம்பைவிட இரும்பு எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். ஆகவே இரும்பு சிறிது கரைய, கரைசலில் இருந்த செம்பு கத்தியின்மேல் படிகிறது. சுண்ணாம்பு போதுமானதாக இருந்தால் செம்பு கரையாத பொருளாக மாறிவிடும், கத்தியும் தப்பும். மலையில் கத்தியை அரிக்கும் இதே விதிதான் கடலில் படகு மோட்டாரையும் அரிக்கிறது.

மோட்டாருக்குள் கடல்

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படுவது 'அவுட்போர்டு' மோட்டார். எடை குறைவாக இருக்கவேண்டி இதன் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் வார்க்கிறார்கள். திருகாணிகளும் சுழல் தண்டும் பெரும்பாலும் துருவேறா எஃகினால் ஆனவை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அது மின்சாரத்தை நன்கு கடத்தும். ஒன்றையொன்று தொடும் இரு வேறு உலோகங்கள் அதில் மூழ்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. எலக்ட்ரானை எளிதில் இழக்கும் அலுமினியம் கரைகிறது, எஃகு பிழைக்கிறது.

மற்றொரு கேடும் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரே உள்ளே இறைக்கப்படுகிறது. மோட்டாரை நிறுத்தியபின் உள்ளே தங்கும் நீர் வற்றி, உப்பு படிந்து, குழாய்களை அடைக்கும். பிறகு எஞ்சின் சூடேறி நின்றுவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அது வெறும் பழுதுச் செலவு மட்டும் அன்று. நீரோட்டம் இழுத்த பக்கம் படகு போகும். பாக் நீரிணையில் அது நாட்டின் எல்லைக்கோட்டையே கடந்துவிடக்கூடும்.

தன்னைத் தரும் உலோகம்

1824-ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் வேய்ந்த செம்புத் தகடுகளைக் காக்க வழி கண்டார். சிறு துத்தநாக அல்லது இரும்புத் துண்டைச் செம்புடன் இணைத்தார். அத்துண்டு அரிந்தது, செம்பு தப்பியது. இன்று மோட்டாரின் அடிப்பகுதியில் காணும் துத்தநாகக் கட்டி செய்வதும் இதே வேலைதான்.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மின்வேதி வரிசையில் துத்தநாகத்தைவிட அலுமினியம் அல்லவா வினைமிக்கது? உண்மைதான். ஆனால் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் எப்போதும் போர்வைபோல் உள்ளது. அதனால் கடல்நீரில் துத்தநாகமே முந்திக்கொண்டு கரைகிறது.

செய்ய வேண்டியவை

கரை திரும்பியதும் மோட்டாரின் நீர் உறிஞ்சும் வாய் மூழ்குமாறு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, கியர் போடாமல் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கெட்டுவிடும். ஓட்டாத நேரத்தில் மோட்டாரைச் சாய்த்து நீருக்குமேல் தூக்கி வைக்கவேண்டும்.

துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் புதியதை மாட்டவேண்டும். அதன்மேல் பெயின்ட் பூசினால் பயனில்லை. அது மோட்டாரின் உலோகத்தோடு நேரே தொட்டிருக்கவும் வேண்டும். மோட்டாரில் பெயின்ட் பெயர்ந்த இடங்களை உடனே பூசிவிடுவது நல்லது.

பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் படகடியில் பூசும் செம்பு கலந்த பெயின்டை அலுமினிய மோட்டாரில் பூசவே கூடாது. கத்தியில் செம்பு படிந்த கதை அங்கேயும் நடக்கும். அலுமினியம் குழிகுழியாக அரிந்துபோகும்.

ஏரியிலும் அணைநீரிலும் மட்டும் ஓடும் படகுகளுக்குத் துத்தநாகம் ஏற்றதன்று. நன்னீரில் அதன்மேல் ஒரு படலம் மூடி வேலையை நிறுத்திவிடும். அங்கே மக்னீசியக் கட்டியே உகந்தது.

1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்துள்ளது. அரிமானத்தை முற்றிலும் ஒழிக்க இயலாது. ஆனால் எந்த உலோகம் அரியவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். கடன்பட்டு வாங்கிய மோட்டாருக்குப் பதில் கைக்கடங்கும் ஒரு துத்தநாகத் துண்டு கரையட்டுமே!