உழவு இயந்திரம் ஓட மறுத்தால்...

ஐப்பசி மழை தொடங்கியதும் பதுளை, வெலிமடைப் பகுதிகளில் பாத்தி கட்டும் வேலை மும்முரமாகும். லயத்தோரத்துக் காய்கறித் தோட்டமே பல தொழிலாளர் குடும்பங்களின் கைச்செலவுக்குத் துணை. அவ்வேளையில் பெற்றோலில் இயங்கும் சிறிய உழவு இயந்திரம் ஓட மறுத்தால் மனம் கலங்குவது இயல்பே. ஆயினும் பழுது பெரும்பாலும் சிறியதே.

முதலில் பெற்றோலைக் கவனிப்போம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு பெற்றோலைச் சேமித்து வைக்கும் எண்ணத்தை நம்மிற் பலருக்கு ஊட்டியது. ஆனால் மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த பெற்றோல் பிசினாகி, காபுரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இயந்திரம் ஆறியபின் பழையதை வடித்துப் புதியதை ஊற்றுதல் நன்று.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். கரி படிந்திருந்தால் துடைக்கவும், ஈரமாயிருந்தால் உலர்த்தவும் வேண்டும். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியில் தூசு அடைந்திருக்கக்கூடும்.

நமது மலைச்சரிவுகளுக்கே உரிய தொல்லையும் ஒன்றுண்டு. எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்புடைய இயந்திரங்கள், சரிவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கினாலும் நின்றுவிடும். அதனைச் சமதரையில் நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும்.

மானாப்புல் வேர் கத்திகளிற் சிக்கினால் அவசரப்பட வேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். தவறிய பருவம் மீண்டும் வரும். இழந்த விரல் வருமோ?