மெலிந்த மெய்யும் உயிர்ச்சத்தும்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலே உள்ளது பூவரசங்குளம். சென்ற ஆண்டு பங்குனி உத்தர நாளன்று இவ்வூரில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. நண்பகல் வேளை. கோயில் வீதி மணல் கொதித்துக்கொண்டிருந்தது. அடியார்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நிழல் தேடி விரைந்தனர். என் பழைய மாணவி ஒருத்தி மாத்திரம் அம்மணலில் வெறுங்காலோடு அசையாது நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சுடவில்லையோ பிள்ளை?" என்றேன்.

"சூடு தெரியேல்லை ஐயா. கொஞ்ச நாளாகக் காலுக்குக் கீழே பஞ்சு வைத்துக் கட்டினது போல இருக்குது" என்றாள்.

பக்தியின் மிகுதி என்று முதலில் மகிழ்ந்தேன். பின்னர் உண்மை அறிந்து வருந்தினேன், என்மீதே வருந்தினேன்.

அவளும் ஓர் ஆசிரியை. சைவ உணவினள். நூற்றுப் பதினெட்டுக் கிலோ நிறையும், நீரிழிவும், முழங்கால் நோவும் அவளை வாட்டின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்குச் சென்று, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். ஓராண்டில் நாற்பது கிலோ குறைந்தது. ஊரார் வியந்தனர், யானும் வியந்தேன். வியந்ததோடு அமைந்தேனா? இல்லை. ஒருநாள் என் வீட்டில் உண்டபின் அவள் கைப்பையிலிருந்து குளிசைகளை எடுத்தபோது, "நோய் போனபின் மருந்து எதற்கு?" என்று கேட்டு, திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்துக்காட்டி ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். ஆசிரியன் சொல்லைத் தட்டாத பிள்ளை. வாழ்நாள் முழுதும் உட்கொள்க என்று வைத்தியர் கொடுத்த உயிர்ச்சத்துக் குளிசைகளை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

பிழை குறளில் இல்லை. குறளைப் பொருத்திய இடத்தில் இருந்தது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனைப் பற்றியது அவ்வதிகாரம். செரிக்கும் உறுப்பின் பெரும்பகுதியையே வெட்டி நீக்கிக்கொண்டவளைப் பற்றியதன்று. அறியாது உரைத்த பிழைக்குக் கழுவாயாக, பின்னர் வைத்தியர்களைக் கேட்டும் நூல்களைக் கற்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

சத்திரசிகிச்சை செய்வது யாது?

பருமனைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் ஒரு பகுதியை விலக்கி இணைக்கும் முறையை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர் தொடக்கிவைத்தார். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது வேறொரு முறை. அதில் இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படும். இரண்டிலும் உணவு குறைகின்றது. உணவோடு சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்சத்துகளும் குறைகின்றன.

இரைப்பை வெறும் பை அன்று. அதன் சுவரில் ஊறும் அமிலம் உணவிலுள்ள இரும்பையும் பி12 உயிர்ச்சத்தையும் பிரித்துக் கொடுக்கின்றது. அச்சுவரிலே ஊறும் இன்னொரு புரதம் பி12ஐத் துணைபோலக் கூட்டிச்சென்று சிறுகுடலின் கடைப்பகுதியிற் சேர்க்கின்றது. இரைப்பை குறைந்தால் இத்துணையும் குறையும். குடலின் முற்பகுதியை விலக்கிவிடும் முறையிலோ, இரும்பும் சுண்ணச்சத்தும் உடலிற் புகும் முதன்மை வாயிலே அடைபட்டுவிடுகின்றது. வாயில் அடைபட்ட வீட்டுக்கு எத்துணைப் பண்டம் கொண்டுவந்தாலும் பயன் என்ன?

புழுங்கலரிசி கூறும் பாடம்

நுண்சத்துக் குறைந்தால் விளையும் கேட்டை உலகம் அறிந்த வரலாற்றில் நம்மவர்க்கும் ஓர் இடம் உண்டு. பெரிபெரி என்றொரு நோய். கால் மரத்து, தசை தளர்ந்து, இதயம் சோர்ந்து மாள்விப்பது. 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லே அடுக்கி வந்து இப்பெயர் ஆயிற்று என்று அகராதிகள் கூறும். எழமுடியாத நோயாளியின் முனகலே நோய்க்குப் பெயராயிற்றுப் போலும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். அதே நாட்டிலே உழைத்த தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் அணுகவில்லை. காரணம், அவர்கள் உண்டது புழுங்கலரிசி. அங்கு வைத்தியராயிருந்த பிராடன் இந்த வேறுபாட்டை விரித்து 1907இல் நூல் எழுதினார். கெட்ட அரிசியில் நஞ்சு உண்டென்பது அவர் எண்ணம். நஞ்சு இருப்பதால் அன்று, சத்து இல்லாமையால் வரும் நோய் இதுவென்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தபோது விஞ்ஞானம் பேசினாரல்லர். ஆயினும் உயிர் காத்தனர். யாவாவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளும் இவ்வாறே முடங்குவதை முன்னரே கண்டு காட்டிய ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. இத்தகைய சத்துகளுக்கு விற்றமின் என்ற பெயரை 1912இல் இட்டவர் கசிமிர் பங்கு. வீற்றா என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர் என்பது பொருள்.

தமிழில் உயிர்ச்சத்து என்று பெயர்த்தனர். பொருத்தமான பெயரே. உயிரின்றி மெய் ஒலியாது என்பது நாம் கீழ்வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணம். உடலும் அவ்வாறே. சத்திரசிகிச்சையால் மெய்யைக் குறைத்துக்கொள்ளலாம், உயிர்ச்சத்தைக் குறைக்கலாகாது.

பழைய நோய் புதிய கோலத்தில்

வறுமையின் நோயாயிருந்த பெரிபெரி, இன்று பருமன் குறைக்கச் சிகிச்சை பெற்றவர் சிலரிடம் மீண்டும் தோன்றுகின்றது. உடலில் தயமினின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதுமானது. சிகிச்சைக்குப் பின் இடைவிடாது வாந்தி எடுப்பவருக்கு அது விரைவில் தீர்ந்துபோகும். பார்வை இரட்டித்தல், நடை தள்ளாடுதல், அறிவு மயங்குதல் ஆகியன அதன் அறிகுறிகள். இக்குறிகள் தோன்றினால் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் என்பதை வைத்தியரிடம் முதலிலே கூறவேண்டும். குளுக்கோசு மாத்திரம் ஏற்றினால், எஞ்சிய தயமினும் செலவாகித் தீங்கு பெருகும். ஆதலின் தயமினை முன்னரே செலுத்துவர்.

பி12இன் செய்தி வேறு. ஈரல் அதனைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்துவைத்திருக்கும். அதுவே வஞ்சகம். குளிசையை நிறுத்தியவர் முதலாண்டில் ஒரு குறையும் காணார். 'இனித் தேவையில்லை' என்று எண்ணுவார். சேமிப்புத் தீர்ந்தபின் கால் மரக்கும், நடை தளரும், நினைவு மங்கும். நெடுநாள் தாமதித்தால் நரம்பு பழைய நிலைக்கு மீளாமலும் போகலாம். இச்சத்து விலங்குணவிலேயே இயல்பாக உள்ளது. எனவே மரக்கறி மாத்திரம் உண்பவர் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். நீரிழிவுக்கு வழங்கும் மெற்போமின் குளிசையும் பி12 உடலிற் சேர்வதைக் குறைக்கும். என் மாணவியிடம் இம்மூன்று காரணங்களும் ஒருங்கே கூடியிருந்தன. நான்காவது காரணம் யான்.

செய்யத்தக்கன

சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி12 இரண்டரை மைக்கிரோகிராமிலும் சிறிது குறைவு. சிகிச்சை பெற்றவருக்கோ 350 முதல் 1000 மைக்கிரோகிராம் வரை குளிசையாகவோ, மாதம் ஒருமுறை 1000 மைக்கிரோகிராம் ஊசியாகவோ கொடுப்பர். அத்துணைப் பேரளவு எதற்கு எனின், துணையின்றித் தானே குடலைக் கடப்பது அதில் நூற்றில் ஒரு பங்களவே என்பதனால் என்க. சுண்ணச்சத்து 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, பலவேளையாகப் பகுத்து, டி உயிர்ச்சத்தோடு கொள்ளவேண்டும். இரும்பையும் சுண்ணச்சத்தையும் ஒருசேர விழுங்கலாகாது. ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு மணிநேர இடைவெளி வேண்டும். தேநீரும் இரும்பைத் தடுப்பதாகலின், குளிசையைத் தேநீரோடு விழுங்கும் நம்மவர் வழக்கம் கைவிடத்தக்கது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும். தாய்மையடைய விரும்புவோர் சிகிச்சையின்பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்தல் நன்று.

மிகையும் தீதே. ஏ, டி முதலிய உயிர்ச்சத்துகள் உடலில் தங்கிப் பெருகிக் கேடு செய்யும். ஆகவே கடையில் கண்டதை வாங்கி விழுங்காது, முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் இரத்தத்தைப் பரிசோதித்து, வைத்தியர் வகுத்த அளவிலேயே கொள்ளுக. இவை நோய்க்கு மருந்தல்ல. இழந்த உறுப்பின் தொழிலுக்கு ஈடு. மூக்குக்கண்ணாடி அணிந்தவன் எழுத்துத் தெளிவாகத் தெரிகின்றது என்று அதனைக் கழற்றி எறிவானோ?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. நம் சொல் வகுப்பறையோடு நிற்பதில்லை. மாணவர் தாமே பிள்ளை பெற்று முதிர்ந்தபின்னும் அவர்கள் செவியில் நிற்கும். ஆதலின் அறியாத துறையில் மேற்கோள் காட்டி முடிவு கூறாதிருப்பதும் நம் கடமையே.

வவுனியா வைத்தியர் கொடுத்த ஊசிகளால் என் மாணவி பெரிதும் தேறினாள். கால்விரல்களில் மரப்பு இன்னும் எஞ்சியுள்ளது. இவ்வாண்டு உத்தரத்தன்று அவள் மணலைக் கடந்து விரைந்து நிழலில் வந்து நின்றாள்.

"சுடுகுது ஐயா" என்றாள்.

அதனினும் இனிய சொல்லை அண்மையில் யான் கேட்டதில்லை.