நதிக்கு மூச்சு வேண்டும்

ஆத்தூர்க் கோட்டையின் அருகே ஓடும் வசிஷ்ட நதி, மலையில் பிறந்து, சுவேத நதியுடன் கலந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. கெண்டையும் விராலும் துள்ள வேண்டிய இந்நதியில் நாம் காண்பது என்ன? ஊர்ச் சாக்கடையும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரும் அன்றோ!

மாவுக் கழிவு மீனுக்கு இரையாகுமே என்று நாம் எண்ணலாம். உண்மை வேறு. மாவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறி மடிகிறது. மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே உள்ள சயனைடு நஞ்சும் அக்கழிவில் கலந்து வருகிறது. ஆற்று மணலை அள்ளிவிட்டாலோ, முட்டையிடும் இடமும் பறிபோகிறது.

ஆகவே, மீன்குஞ்சுகளை வாங்கி விட்டால் போதும் என்பது வீண் நம்பிக்கை. வீட்டைச் சீர்செய்யாமல் விருந்தினரை அழைக்கலாமா?

ஆலைகளை மூடுவதும் வழியன்று. உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அவையே சோறிடுகின்றன. கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து, எரிவாயு எடுத்து, ஆலைக்கே எரிபொருளாக்கும் முறை சேலம் வட்டாரத்தில் வழக்கத்தில் உள்ளது. எஞ்சும் நீரையும் தூய்மைப்படுத்தியே வெளிவிட வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

நம் பங்கு யாது? குப்பையை ஆற்றில் கொட்டாதிருப்போம். கரையில் புங்கமும் நாவலும் நட்டு நிழல் தருவோம். கோடையிலும் நீர் தங்கும் மடுக்களைத் தூர்க்காது காப்போம். அங்கே பிழைத்திருக்கும் மீன்களே, மழை வந்ததும் நதியெங்கும் பெருகும்.